படகில் ட்ரோலிங்: தூண்டில் ராடு எத்தனை அடி? 20 பயனுள்ள குறிப்புகள்

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் வழியாகப் போனால் புதுச்சேரி. திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம். இரண்டு பக்கமும் கடல், இரண்டு பக்கமும் படகு. ஏரிக்கரையில் கெண்டையும் விராலும் பிடித்துப் பழகிய நம் பக்கத்து இளைஞர்கள், இப்போது வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் ஆசைப்பட்டு, தெரிந்த படகுக்காரர்களோடு கடலுக்குப் போகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் முதல் செலவிலேயே பலர் சறுக்குவது ராடின் நீளத்தில். "பெரிய மீனுக்குப் பெரிய ராடு" என்று நினைத்துப் பத்தடி, பன்னிரண்டடி ராடை வாங்கிவிடுகிறார்கள். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலிங்குக்கு அது உதவாது. கரையில் நீளம் தூரத்தைக் கொடுக்கும். படகில் அதே நீளம் நம் தோளிலும் இடுப்பிலும் சுமையாக இறங்கும். காசு கொடுப்பதற்கு முன்னும், கடலுக்குப் போவதற்கு முன்னும் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வாங்குவதற்கு முன்

1. கரை ராடையும் படகு ராடையும் கலக்காதீர்கள். கடற்கரையில் நின்று அலையைத் தாண்டி வீசுவதற்குத்தான் பத்து முதல் பதினான்கு அடி ராடு. ட்ரோலிங்கில் வீசும் வேலையே கிடையாது. நரம்பை ரீலிலிருந்து தளர்த்தி விட்டால் போதும், படகின் ஓட்டமே தூண்டிலைப் பின்னால் கொண்டுபோய் விடும். வீசும் வேலை இல்லாத இடத்தில் நீளத்துக்குக் கொடுக்கும் காசு வீண். லட்சத்தீவின் மினிக்காயில் சூரை பிடிப்பவர்கள் நீளக் கழி வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே கழியில் ரீல் இல்லை. உயிருள்ள சிறுமீனைத் தூவிச் சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, கடித்த வேகத்தில் மீனைத் தூக்கிப் படகுக்குள் போடுவது அவர்கள் முறை. அந்த வேலைக்கு அந்த நீளம் தேவை. ரீல் வைத்துப் போராடும் நமக்குத் தேவையில்லை.

2. சுமைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ராடின் அடிக்கட்டை இடுப்புப் பெல்ட்டில் இருக்கிறது; அங்கிருந்து இரண்டடி தள்ளி இடது கை பிடித்திருக்கிறது; நுனியில் மீன் 5 கிலோ விசையில் இழுக்கிறது என்று வையுங்கள். ஆறடி ராடானால் அந்தக் கை தாங்க வேண்டியது சுமார் 15 கிலோ. எட்டடி ராடானால் அதே மீனுக்கு 20 கிலோ. ராடு வளையும்போது இது கொஞ்சம் குறையும். ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். நீளத் துரட்டியின் நுனியில் தேங்காய்க் குலை மாட்டிக்கொண்டால் மணிக்கட்டு எப்படி வலிக்குமோ அப்படித்தான். சூரை அரைமணி நேரம் இழுத்தால் அந்த ஐந்து கிலோ வித்தியாசம்தான் உங்களை உட்கார வைத்துவிடும்.

3. ட்ரோலிங்குக்கு ஐந்தரை முதல் ஏழு அடிதான் எல்லை. படகில் நின்றபடி கனமான மீனோடு போராட ஐந்தரை அடி (168 செ.மீ.) முதல் ஆறடி (183 செ.மீ.) வரை. எல்லா வேலைக்கும் பொதுவாக ஆறு முதல் ஆறரை அடி (198 செ.மீ.). மெல்லிய நரம்பு, சிறிய தூண்டில் என்றால் ஏழடி (213 செ.மீ.) வரை போகலாம். ஏழரை, எட்டடி ராடுகள் படகில் நின்று பாப்பர் என்ற பொம்மைத் தூண்டிலை வீசிப் பாறை மீன் பிடிக்க நல்லவை. ட்ரோலிங்குக்கென்று அவற்றை வாங்க வேண்டாம்.

4. நீளத்தைப் பார்க்கும் முன் வகுப்பைப் பாருங்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே ராடில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: நீளம், எத்தனை பவுண்டு நரம்புக்கு உகந்தது, எத்தனை துண்டு. "20–50 பவுண்டு" என்று இருந்தால் 9 கிலோ முதல் 23 கிலோ வரை அறுபலம் உள்ள நரம்புக்கு அது பொருந்தும். ஒரே ஆறடியில் 12 பவுண்டு ராடும் உண்டு, 80 பவுண்டு ராடும் உண்டு. முன்னது சின்ன சீலாவுக்கு, பின்னது பெரிய சூரைக்கு. நீளம் மட்டும் சொல்லி ராடு கேட்பது, அளவு மட்டும் சொல்லித் துணியின் தரம் கேட்காமல் விடுவது போலத்தான்.

5. நம் கடலில் கிடைக்கும் மீனுக்கு ஏற்ப எடுங்கள். மரக்காணம், புதுச்சேரிக் கடலில் ட்ரோலிங்குக்கு ஏற்ற மீன்கள் வஞ்சிரம், சூரை, சீலா, பாறை. ஆழம் கூடினால் மயில்மீன். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் 20 முதல் 30 பவுண்டு வகுப்பில் ஆறரை அடி கச்சிதம். நுனி கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் வஞ்சிரம் வேகமாகத் திரும்பும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. மஞ்சள் துடுப்புச் சூரை நேராக அடியாழத்துக்கு இறங்கி இழுக்கும் மீன். அதைத் தூக்க 50 பவுண்டு வகுப்பில் ஐந்தரை அடி கட்டை ராடு வேண்டும்.

6. உங்கள் உடம்பில் வைத்து அளந்து வாங்குங்கள். கடையிலேயே ரீலை மாட்டச் சொல்லி, அடிக்கட்டையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து நில்லுங்கள். வலது கை ரீல் பிடியைச் சுற்றும்போது தோள் மேலே ஏறக் கூடாது. இடது கை முன்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை நீட்டி விறைத்து நிற்கக் கூடாது. கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களும், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளும் ஐந்தரை அடி ராடைத் தயங்காமல் எடுக்கலாம். அதனால் மீன் குறையாது.

7. அடிக்கட்டை அளவையும் டேப் வைத்துப் பாருங்கள். ரீலின் நடுப்பகுதிக்கு நேர் கீழிருந்து அடி முனை வரை உள்ளதுதான் அடிக்கட்டை. 1939இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சாதனைக்கு ஏற்கும் ராடுகளில் இந்தப் பகுதி 27 அங்குலத்துக்கு (68.58 செ.மீ.) மேல் போகக் கூடாது என்றும், ரீலிலிருந்து நுனி வரை குறைந்தது 40 அங்குலம் (101.6 செ.மீ.) இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. சாதனை நம் நோக்கம் இல்லாவிட்டாலும், தையல் டேப்பால் வீட்டிலேயே சரிபார்க்க இது நல்ல அளவுகோல். அடிக்கட்டை அதற்கு மேல் நீண்டால் ரீல் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

8. அடி முனையில் குறுக்கு வெட்டு இருக்கிறதா பாருங்கள். ட்ரோலிங் ராடின் அடியில் கூட்டல் குறி போன்ற உலோக வெட்டு இருக்கும். இடுப்புப் பெல்ட்டிலும், படகில் ராடை நிறுத்தும் சில ஹோல்டர்களிலும் உள்ள குறுக்குக் கம்பி அதில் பொருந்தி, ராடு உருளாமல் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மூடி மட்டும் உள்ள ராடானால், ரீல் மேல்பக்கம் நிற்கும் அமைப்பில் மீன் இழுக்கும்போது ராடு கையில் திரும்பிவிடும். பெல்ட்டும் ராடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

9. முதல் ராடு கண்ணாடியிழையாக இருக்கட்டும். கார்பன் ராடு எடை குறைவு, கைக்குச் சுகம். ஆனால் படகில் ஈயக்குண்டு மோதினாலோ, யாராவது மிதித்தாலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்த பெரிய மீனில் அந்த இடத்தில் முறியும். கண்ணாடியிழையோ இரண்டும் கலந்த ராடோ கொஞ்சம் கனம். ஆனாலும் நாள் முழுக்க ஹோல்டரில் நின்று அதிர்வைத் தாங்கும், மீன் திடீரென்று அடிக்கும்போது வளைந்து கொடுக்கும். ட்ரோலிங்கில் ராடு பெரும்பாலும் ஹோல்டரில்தான் இருக்கும் என்பதால் எடை பெரிய தொல்லை இல்லை.

படகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

10. ஃபைபர் படகில் புரொப்பெல்லர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நம் கடற்கரையில் பல ஃபைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த டீசல் எஞ்சின்தான். தண்டும் புரொப்பெல்லரும் படகுக்குப் பின்னால் பல அடி நீட்டிக்கொண்டிருக்கும். மீன் படகைச் சுற்றி ஓடினால் நரம்பு அதில் சிக்கும். இந்த வகைப் படகுக்கு ஐந்தரை அடியைவிட ஆறரை அடி ராடு பாதுகாப்பு. நுனியைப் பக்கவாட்டில் நீட்டி நரம்பை விலக்கிக்கொள்ள அந்த ஓரடி உதவும். மீன் மாட்டியதும் படகுக்காரரிடம், "அண்ணே, எஞ்சினைத் தூக்குங்க!" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்திலிருந்து படகின் பக்கவாட்டுக்கு வந்து நின்று போராடுங்கள்.

11. இரண்டு அளவு ராடு இருந்தால் நீளமானது ஓரத்தில், கட்டையானது நடுவில். ஏழடி ராடு இரண்டைப் படகின் இரு ஓரங்களிலும் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் நரம்புகள் விலகி நிற்கும். நடுவில் வைக்கும் ஆறடி ராடின் நரம்பைக் கிட்டத்தில், 10 முதல் 15 மீட்டரில் விடுங்கள். ஓர ராடுகளின் நரம்பு 30 முதல் 40 மீட்டரில் போகட்டும். சின்னப் படகில் மூன்றுக்கு மேல் தூண்டில் வேண்டாம். படகு திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்பச் சொல்லுங்கள். சட்டென்று திரும்பினால் மூன்றும் பின்னிக்கொள்ளும்.

12. வேகத்துக்கு நுனி ஈடுகொடுக்க வேண்டும். இரை மீன் கோத்த தூண்டிலானால் 4 முதல் 6 நாட், அதாவது மணிக்கு 7 முதல் 11 கி.மீ. பொம்மைத் தூண்டிலை இன்னும் கொஞ்சம் வேகமாக இழுக்கலாம். தண்ணீருக்குள் இறங்கி ஓடும் பெரிய பொம்மைத் தூண்டில் மீன் இல்லாமலேயே பலமாக இழுக்கும். அந்த இழுப்பிலேயே ராடு பாதிக்கு மேல் வளைந்து நின்றால் உங்கள் ராடு அந்தத் தூண்டிலுக்கு மெலிது. ராடை மாற்றுங்கள், அல்லது சின்னத் தூண்டிலைப் போடுங்கள்.

13. முன்நரம்பு ராடைவிட நீளமாக இருக்கக் கூடாது. வஞ்சிரத்தின் பல்லுக்குப் பயந்து முள்ளுக்கு முன்னால் கம்பியோ தடித்த நரம்போ கட்டுவோம். அதைப் பிரதான நரம்போடு சேர்க்கும் சுழலி, நுனி வளையத்துக்குள் நுழையாது, அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் ரீலைச் சுற்ற முடியாது. ஆறடி ராடில் எட்டடி முன்நரம்பு கட்டினால் மீன் நுனியிலிருந்து எட்டடி தள்ளியே கிடக்கும். கொக்கி போடுகிறவர் கைக்கு எட்டாது. ஐந்தடி போதும். மீன் அருகே வந்ததும் இன்னொருவர் கையுறை போட்டுக்கொண்டு கம்பியைப் பிடிக்க வேண்டும். கையில் ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது, விரல் போய்விடும்.

வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்

14. வளையங்களுக்குப் பஞ்சுச் சோதனை. ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சிட்டிகைப் பஞ்சை விட்டு, உள்விளிம்பு முழுவதும் மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். வெளிச்சத்தில் பார்த்தும் கண்ணுக்குப் படாத கீறல்கூடப் பஞ்சின் இழையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்த வளையத்தை மாற்றாமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மீன் ஓடும் வேகத்தில் அந்த மயிரிழைக் கீறல் நரம்பை அறுத்துவிடும். உருளை வைத்த வளையமானால், ஒவ்வொரு உருளையும் விரலால் தட்டினால் சுழல்கிறதா பாருங்கள். உப்புப் பூத்து இறுகியிருந்தால் அதுவும் நரம்பை அறுக்கும்.

15. டிராக் அளவை வாளித் தண்ணீரில் பாருங்கள். ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை நரம்பின் அறுபலத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். 30 பவுண்டு நரம்பு என்றால் அறுபலம் 13.6 கிலோ, மூன்றில் ஒன்று 4.5 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையோடு சேர்த்து 4.5 கிலோ வரும்படித் தண்ணீர் ஊற்றி, நரம்பை வாளிப் பிடியில் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். வாளி தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ரீல் நரம்பை விட ஆரம்பித்தால் அளவு சரி. விடாமல் வாளி மேலே வந்தால் இறுக்கம் அதிகம். வாளி அசையாமலே நரம்பு ஓடினால் குறைவு. இந்தச் சோதனையிலும் சரி, கடலிலும் சரி, ராடைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினால் சுமை முழுவதும் நுனியில் விழுந்து ராடு அங்கேயே முறியும். நீள ராடுகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கொண்டு போவதும் வைத்திருப்பதும்

16. பஸ்ஸா, காரா என்று பார்த்து ராடு வாங்குங்கள். ஒரே துண்டு ராடு உறுதியானது. ஆனால் ஏழடி ஒரே துண்டை நெரிசலான பஸ்ஸில் மரக்காணம் வரை கொண்டுபோவது கடினம். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் ஆபத்து. பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்கள், அடிக்கட்டை மட்டும் தனியாகக் கழலும் ஆறடி ராடை எடுப்பது நல்லது. மூட்டு கைப்பிடிப் பக்கம் இருப்பதால் வளையும் பகுதியின் பலம் குறையாது. நட்ட நடுவில் மூட்டு உள்ள மலிவு ராடும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ராடும் ட்ரோலிங்குக்கு ஆகாது.

17. பி.வி.சி. பைப்பில் உறை செய்யுங்கள். வளையங்களோடு ராடு நுழையும் அகலத்தில் பைப்பை வாங்கி, ராடின் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக அறுத்து, ஒரு முனையில் மூடியை ஒட்டிவிடுங்கள். மறுமுனை கழற்றி மாட்டும் மூடி. அடியில் பழைய துணி அல்லது ஸ்பாஞ்ச் வைத்துவிட்டால் நுனி வளையம் அடிபடாது. இரு முனையிலும் ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள். காற்றில்லாமல் அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி உலோகத்தில் பச்சை பூக்கும்.

18. நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நிழலில் உலர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றே கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் உப்பு ரீலுக்குள் போய்விடும். டிராக்கை இறுக்கி வைத்துக்கொண்டு மேலே மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, ரீல் பொருந்தும் இடத்தையும் வளையங்களின் அடியையும் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். துடைத்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். ராடைச் சுவரில் சாய்த்து வைத்தால் மாதக் கணக்கில் வளைந்தே நின்றுவிடும். இரண்டு மூன்று கொக்கியில் படுக்கையாக வையுங்கள்.

கடலில் மறக்கக் கூடாதவை

19. இடி, கம்பி, காற்று, தடைக்காலம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்கினால் ராடை உடனே படுக்க வையுங்கள். கரையில் நடக்கும்போதும் மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடலை நம்பக் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரையேறின; ஃபெஞ்சல் மழையில் மயிலம் பட்ட பாடு நமக்குத் தெரியும். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் படகுக்காரரை வற்புறுத்தவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். எந்தப் படகு போகலாம் என்று மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. செல்போனில் பதிந்து வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும் காலம். ஆமை தலை தூக்கினால் தூண்டிலைச் சுற்றி எடுத்துவிடுங்கள். தவறி மாட்டினால் படகை நிறுத்தி, நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விடுவியுங்கள். ஆமையும் திமிங்கலச் சுறாவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை.

20. ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால்: ஆறரை அடி, 30 பவுண்டு வகுப்பு, கண்ணாடியிழை கலந்தது, அடிக்கட்டை 27 அங்குலத்துக்குள், அடியில் குறுக்கு வெட்டு. நம் கடலின் வஞ்சிரம், சீலா, நடுத்தரச் சூரை எல்லாவற்றுக்கும் இது போதும். நம் ஃபைபர் படகுக்கும் பொருந்தும். கடைக்காரர் இன்னும் நீளமானதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லி, மிச்சப்படும் காசில் ஒரு நல்ல இடுப்புப் பெல்ட்டும், ராடை ஹோல்டரோடு கட்டி வைக்க ஒரு பாதுகாப்புக் கயிறும் வாங்குங்கள். பெரிய மீன் அடிக்கும்போது கட்டாத ராடு கடலுக்குப் போய்விடும். பெல்ட் இல்லாத இடுப்பு மறுநாள் வேலைக்குப் போக விடாது. ராடு அரை அடி குறைந்ததால் தப்பும் மீனைவிட, பிடிக்கிறவர் களைத்துப்போய்த் தப்பும் மீன்தான் அதிகம்.